நான் விழல டாக்டர், அடிச்சாங்க

திருப்பத்தூருக்கும் ஜவ்வாது மலை அடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு சேரி. பையனுக்கு 22 வயசு. ஊர்த் திருவிழா அன்று ஊர்த்தெரு வழியாக பைக்கில் வந்தான், அவ்வளவுதான் குற்றம். ஆறு பேர் இழுத்துப்போட்டு இரும்பு ராடால் அடித்தார்கள். வாய் கிழிந்தது, முன்பல் ஒன்று உடைந்து விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் ஊர்க்காரர்கள்தான். பயம், கேஸ் ஆகிவிடக் கூடாதே! வீங்கிய வாயோடு அவன் பேச முடியாமல் கிடக்க, கூட வந்தவர்களே டாக்டரிடம் சொன்னார்கள்: "பைக்ல வந்தான் சார், ஸ்லிப் ஆகி விழுந்துட்டான்."

டியூட்டி டாக்டருக்கு 25 வயசுதான் இருக்கும். எழுதிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேரும்போது ராத்திரி பத்து மணி. பையன் கண்ணைத் திறந்து முதலில் சொன்ன வார்த்தை, "நான் விழல டாக்டர், அடிச்சாங்க." டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதான் எழுதியாச்சேப்பா. எழுதினத மாத்த முடியாது. மாத்தினா எனக்குத்தான் சட்டப் பிரச்சினை." பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தலையை ஆட்டினார்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பது வேண்டாம். ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. அந்த டாக்டர் கெட்டவரும் இல்லை. தையல் நன்றாகத்தான் போட்டார், ஊசி போட்டார், "நாளைக்கு எக்ஸ்ரே எடுங்க" என்றார். அவர் கை நம்மைத் தொட்டது. பேனாதான் தொடவில்லை. "எனக்குத்தான் சட்டப் பிரச்சினை" என்றாரே, நம் விவாதம் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். இளம் டாக்டர்களுக்குச் சட்டம் என்றால் என்ன? யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவதற்கு?

முதலில் அந்தப் பதிவேட்டின் பெயரைப் பாருங்கள். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். சுருக்கமாக ஏ.ஆர். அதாவது விபத்துப் பதிவேடு. லாரி மோதினாலும் விபத்து, சாதி வெறியன் வெட்டினாலும் விபத்து. வெண்மணியிலிருந்து மேலவளவு வரை ஆஸ்பத்திரிக்கு வந்த காயமெல்லாம் 'விபத்து' என்ற தலைப்பின் கீழேதான் ஏறியிருக்கும். பெயரை விட்டுத்தள்ளுங்கள். அதில் எழுதப்படும் இரண்டே வரிதான் நமக்கு வாழ்வா சாவா. எப்போது, எங்கே, எத்தனை பேர், எதனால் என்று அடிபட்டவன் சொன்னதாக டாக்டர் எழுதுவது. பல நேரம் எஃப்.ஐ.ஆருக்கு முன்பே பிறந்துவிடும் காகிதம் அது. அடிபட்டவன் தமிழில் சொல்கிறான், டாக்டர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், யாரும் படித்துக் காட்டுவதில்லை. ரெண்டு வருஷம் கழித்துக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார். "டாக்டரிடம் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறாய், இங்கே ஆறு பேர் அடித்தார்கள் என்கிறாயே, எது பொய்?" தான் சொல்லாத வார்த்தைக்கு நம்ம பையன் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். 1929ல் காந்தியின் 'யங் இந்தியா'வில் கடிதமாக வந்தது அது. கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவிக்குப் பிள்ளை பெற்ற பிறகு உடம்பு முடியாமல் போகிறது. டாக்டர் வருகிறார், ஆனால் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். திரும்பி அதே வழியில் வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார் டாக்டர். அந்தப் பெண் செத்துப்போகிறாள்.

இன்றைக்குத் தெர்மாமீட்டர் கை மாறுவதில்லை. வார்த்தை கை மாறுகிறது. அடிபட்டவன் வாயிலிருந்து வர வேண்டியது, அடித்தவனின் பங்காளி வாய்க்குப் போய், போலீஸ்காரர் வாய்க்குப் போய், நர்சம்மா காதுக்குப் போய், கடைசியில் டாக்டர் பேனாவுக்கு வருகிறது. இதற்குப் பெயர் தீண்டாமை இல்லையென்றால் வேறு என்ன?

'எழுதினதை மாற்ற முடியாது' என்பது பாதி உண்மைதான். அடித்துத் திருத்தக் கூடாது, சரி. ஆனால் நோயாளி நினைவு தெளிந்து இத்தனை மணிக்கு இப்படிச் சொன்னார் என்று கீழே கூடுதலாக எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட எந்தச் சட்டம் தடுக்கிறது? எழுதாமல் விட்டதுதான் தப்பு. எழுதினால் பிரச்சினை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

சட்ட மருத்துவம் எம்.பி.பி.எஸ். படிப்பில் தனிப் பாடம். விஷம், தூக்கு, குண்டுக் காயம் எல்லாம் வரும், தேர்வு முடிந்ததும் மறந்தும் போகும். மனசில் நிற்பது ஒன்றுதான்: 'கேஸ்ல மாட்டாம இருப்பது எப்படி?' இளம் டாக்டர்கள் கூடிப் பேசும் சட்டமெல்லாம் தங்களைக் காக்கும் சட்டம். 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது தெரியும்: சாதாரணக் கவனக்குறைவுக்கெல்லாம் டாக்டர் மீது கிரிமினல் வழக்குப் போட முடியாது, இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியைத் தாக்கினால் தண்டனை என்ற 2008ன் தமிழ்நாட்டுச் சட்டம் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் மரணம் என்றால் மற்றவருக்கு 5 ஆண்டு வரை, சிகிச்சையின்போது நேர்ந்தால் மருத்துவருக்கு 2 ஆண்டு வரைதான் என்பதும் தெரியும். தெரிந்துகொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நோயாளியைக் காக்கும் சட்டமாக அவர்கள் பயப்படுவது நுகர்வோர் சட்டம் ஒன்றுக்குத்தான். அங்கேதான் வேடிக்கை. 1995 நவம்பர் 13ல் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடத்துக்கு வராது. காசு கொடுத்தவன் நுகர்வோர். தர்மாஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்கி நிற்கிறவன் நுகர்வோர் இல்லை. சேரியும் மலையும் போய் நிற்பது எங்கே? இலவச வரிசையில். அப்படியென்றால் டாக்டர் பயப்படும் ஒரே சட்டத்தின் கணக்கில் நம்ம ஜனம் ஆளே கிடையாது. பயம் இல்லாத இடத்தில் பேனா எப்படி ஓடும் என்று சொல்லவா வேண்டும்?

அந்த ஒரு பல்லுக்கு வருவோம். சாதாரணக் காயம், கொடுங்காயம் என்று சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. எது கொடுங்காயம் என்று புதிய சட்டத்தின் 116ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. கண் போவது, காது போவது, எலும்பு முறிவது. எலும்போடு சேர்த்துப் பல்லும் அதில் இருக்கிறது. பல் உடைந்தாலோ பெயர்ந்தாலோ கொடுங்காயம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான். வெறும் கையால் அடித்த வழக்கு என்றே வையுங்கள். சாதாரணக் காயத்துக்கு 1 ஆண்டு வரை தண்டனை, கொடுங்காயத்துக்கு 7 ஆண்டு வரை. நடுவில் இருப்பது ஒரு பல். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கும் அரை நிமிஷம். எங்கள் பையனின் ஏ.ஆரில் 'உதட்டில் கிழிசல்' இருந்தது. பல் இல்லை.

இன்னும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி கொலையுண்டவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய நிவாரணத்தில் பாதி, பிரேதப் பரிசோதனை முடிந்ததும் தரப்பட வேண்டும். பாலியல் வன்முறையில் முதல் தவணைக்கு மருத்துவப் பரிசோதனை அறிக்கை வேண்டும். அதாவது நீதிக்கு மட்டும் இல்லை, அந்த வீட்டில் அடுத்த மாதம் உலை கொதிப்பதற்கும் டாக்டரின் காகிதம்தான் சாவி. இது எத்தனை டாக்டருக்குத் தெரியும்?

தெரிய வேண்டிய இன்னும் சிலது. தீண்டாமை காரணமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்தாலோ, சேர்த்தபின் பாகுபாடு காட்டினாலோ 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை என்று 1955ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2016 ஜனவரி 26ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, நம்மை ஆஸ்பத்திரிக்குள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, எஸ்.சி., எஸ்.டி. அல்லாத அரசு ஊழியர் தன் கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்கிறது. எந்த ஆவணத்தையும் சரியாகத் தயாரிப்பது அந்தக் கடமைகளில் ஒன்று. இந்தப் பிரிவு போலீசுக்கு மட்டும்தானா? சம்பளம் வாங்கும் அரசு டாக்டர் எழுதும் காயச் சான்று ஆவணம் இல்லையா? துறை விசாரணை பரிந்துரைத்தால்தான் வழக்கு என்று அதிலும் ஒரு பூட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அது வேற கதை. பூட்டு இருக்கிறது என்பதற்காகக் கதவே இல்லை என்று ஆகிவிடுமா?

மலைக்கு ஏறுவோம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. மலையாளிப் பழங்குடி ஜனம். எட்டாத ஊரில் வேலை பார்த்தால் மேல்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் உண்டு என்பதால் வந்து போகிற இளம் டாக்டர்கள். அங்கே அதிகம் கேட்கும் சொல் 'ரெஃபர்'. மலையிலிருந்து திருப்பத்தூருக்கு, திருப்பத்தூரிலிருந்து வேலூர் அடுக்கம்பாறைக்கோ தருமபுரிக்கோ. வசதி இல்லாத இடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தப்பில்லை. முதலுதவி கொடுக்காமல், ரத்தத்தை நிறுத்தாமல், 'போலீஸ் லெட்டர் இருக்கா?' என்று கேட்டு அனுப்புவது தப்பு. 1989லேயே பரமானந்த் கடாரா வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது: உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, போலீஸ் சடங்கெல்லாம் பிறகு. 1992ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயக் கூலியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் இல்லை என்று திருப்பி அனுப்பின. 1996ல் அந்த வழக்கில், அவசரச் சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையையே மறுப்பது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது உச்சநீதிமன்றம்.

டாக்டர் மட்டும்தான் குற்றவாளி என்று சொன்னால் அது பொய். இதே மலைத்தொடரில், வேலூர் மாவட்ட அல்லேரியில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயசுக் குழந்தை செத்தது. ரோடு இல்லாததால் பிணத்தைத் தாயே கையில் தூக்கிக்கொண்டு மலையேறினாள். ரோடு போடாத அரசுக்கு எந்த 106ஆம் பிரிவு? ஆனால் ரோடு இல்லை என்பது பேனா இல்லை என்பதற்குச் சாக்கு ஆகாது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை எந்த ஆஸ்பத்திரியும், அரசோ தனியாரோ, உடனே இலவசமாகப் பார்த்தாக வேண்டும். மறுத்தால் 1 ஆண்டு வரை சிறை. குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். இல்லாமலே பரிசோதனை செய்யலாம் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. இரண்டு விரல் பரிசோதனை கூடாது என்று 2013ல் சொன்ன உச்சநீதிமன்றம், 2022 அக்டோபர் 31ல் மறுபடியும் சொல்லி, அதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றது. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது என்றால் காது எங்கே இருந்தது?

இதில் நேர்எதிர்ப் பக்கமும் ஒன்று உண்டு. மலையில் 16, 17 வயசில் கல்யாணம் ஆகிக் கர்ப்பமாக வருகிறது பிள்ளை. போக்சோவில் தகவல் சொல்லாவிட்டால் தனக்குத் தண்டனை என்று டாக்டருக்குத் தெரியும். அந்த ஒரு சட்டம் மட்டும் நன்றாகத் தெரியும்! அவர் மிரட்டும் மிரட்டலில் பிள்ளை ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் பார்க்கிறது. கருவைக் கலைக்க வரும் சிறுமியும் அவள் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் பெயர், அடையாளத்தைச் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம் என்று 2022 செப்டம்பர் 29ல் உச்சநீதிமன்றம் வழி காட்டியது. அந்த வரியை யார் படித்தார்கள்? பயத்தில் கற்ற சட்டம் நோயாளியைத் துரத்தும். பொறுப்பில் கற்ற சட்டம்தான் உள்ளே கூப்பிடும்.

அடுத்து போலீஸ் கூட்டிவரும் ஆள். கைதானவரை மருத்துவர் பரிசோதித்து, காயங்களை எழுதி, அறிக்கையின் நகலை அவருக்கே தர வேண்டும் என்பது சட்டம். சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19ல் பிடித்துக்கொண்டு போன ஜெயராஜும் பென்னிக்சும் மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிவரப்பட்டார்கள். சிறைக்கு அனுப்பத் தகுதி என்று சான்று வாங்கித்தான் கோவில்பட்டி சிறைக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி மகன், 23ஆம் தேதி அப்பன். அவர்கள் தலித்துகள் இல்லை. கடை வைத்திருந்த, பெயர் சொல்ல நாலு பேர் இருந்த குடும்பத்துக்கே இந்தச் சான்று என்றால், பெயரே கேட்காமல் லாக்கப்பில் தள்ளப்படும் நம்ம பையனுக்கு என்ன சான்று கிடைக்கும்?

வாச்சாத்தியை மறந்துவிட்டோமா? திருப்பத்தூருக்குத் தெற்கே, அரூர்ப் பக்கம். 1992 ஜூன் 20ல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊர்ப் பெண்களைப் பிடித்துச் சேலம் சிறையில் அடைத்தார்கள். ஜெயிலில் டாக்டர் இருப்பார் இல்லையா? அந்த உடம்புகள் எந்தக் காகிதத்தில் ஏறின? 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29ல்தான் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம்! அந்தப் பெண்கள் விடாமல் நின்றதால் வந்த நீதி அது.

பேனா நேராக ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2015 ஜூன் 24ல் கோகுல்ராஜ் உடல் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று காட்ட எல்லா ஏற்பாடும் இருந்தது. பிரேதப் பரிசோதனைதான் அதைக் கொலை வழக்காக மாற்றியது. 2022ல் ஆயுள் தண்டனை, 2023ல் உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. பிணவறையில் நின்ற டாக்டர்கள் புரட்சி எதுவும் செய்யவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள். நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

"36 மணி நேரம் தூங்காம டியூட்டி பார்க்கிறோம், எங்களைக் கத்தியால குத்துறாங்க, நீங்க வேற" என்று இளம் டாக்டர்கள் கேட்கலாம். நியாயம். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் டாக்டர் குத்தப்பட்டது அநியாயம். ஆள் பற்றாக்குறைக்கு எதிராக நீங்கள் போராடினால் கொடி பிடிக்க நாங்கள் வருகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். 'விழுந்தான்' என்று எழுத ஆகும் நேரமும் 'அடித்தார்கள்' என்று எழுத ஆகும் நேரமும் ஒன்றுதானே?

இட ஒதுக்கீட்டில் படித்து டாக்டர் ஆன நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியில் நீங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும். மும்பையில் 2019 மே 22ல் பாயல் தத்வி என்ற பழங்குடி டாக்டர் செத்தது எதனால் என்றும் தெரியும். அதற்காகச் சாதியை மறைத்துக்கொண்டு, போலீஸ்காரர் சொல்வதை எழுதி, 'எனக்கெதுக்கு வம்பு' என்று இருந்துவிடாதீர்கள். அந்த நாற்காலிக்கு நீங்கள் மட்டும் நடந்து வரவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஏ.ஆரில் நோயாளி சொன்னதைத் தமிழில், அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும்; படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். எழுதும்போது போலீசும் எதிராளியும் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். வாய் பேச முடியாதவருக்குப் பேச வந்ததும் மறுபடி கேட்டு எழுத வேண்டும். நகலைக் கையோடு கொடுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே, மலைக்கு அனுப்பும் முன்பே சொல்லிக்கொடுக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் கலெக்டர் முன்னால் காயச் சான்றுகளையும் வைத்து விவாதிக்க வேண்டும்.

நம் பங்குக்கு, ஒவ்வொரு சேரியிலும் ரெண்டு பேர், மலையில் ஒவ்வொரு நாட்டிலும் ரெண்டு பேர் ஏ.ஆர். காப்பியைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே ஒருத்தர் கூடவே போய் டாக்டர் மேசை பக்கத்தில் நிற்க வேண்டும். எத்தனை பேர், எதனால், என்ன சொல்லித் திட்டினான், இதை எழுதினீங்களா சார் என்று கேட்க வேண்டும். சண்டை போட அல்ல, எழுத வைக்க.

வடாற்காட்டை 1989ல் பிரித்தபோது இந்த மண்ணுக்கு அம்பேத்கர் பெயரை வைத்தார்கள். பிறகு அந்தப் பெயரும் போனது. 2019ல் திருப்பத்தூரே தனி மாவட்டமாகவும் ஆனது. மாவட்டத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரித்து எழுதுகிறார்கள், திருத்தி எழுதுகிறார்கள். எங்கள் பையனின் ஏ.ஆரில் ஒரு வரி கூட்டி எழுத மட்டும் முடியாதாம்.

அந்தப் பல்லை அவன் அம்மா தெருவில் தேடி எடுத்து மாத்திரைக் கவரில் மடித்து வைத்திருக்கிறாள். "கோர்ட்ல கேப்பாங்க இல்ல?" என்கிறாள். கேட்க வைப்போம்மா.